அக்கா மோர், இப்ப நித்திரை

என் அக்கா ஒரு புதன்கிழமை பின்னேரம் ஒன்றேகால் மணித்தியாலம் செத்திருந்தார். அந்தச் செய்தியை உலகத்துக்கு அறிவித்தது நான். அவர் இப்போது பிரான்சில், திரான்சியில் தன் வீட்டில் இருக்கிறார், பருப்புக்கு உப்புக் காணாது என்று அத்தானோடு சண்டை பிடிக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களைப் பதற வைத்துவிட்டுப் பிறகு ஆறுதல் சொல்கிற வேலையை ஒருமுறை செய்து பட்டது எனக்குப் போதும்.

என்ன நடந்தது என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். பிழை யாருடையது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. அத்தானுடையதா, அவருடைய போனுடையதா, பிரெஞ்சு மொழியுடையதா, என்னுடையதா? சில நாள் போனுடையது என்று தோன்றும். பல நாள் என்னுடையது என்று தோன்றும். அப்படித் தோன்றுகிற நாட்களில் நான் யாரோடாவது கோபித்துக்கொண்டு திரிவேன்.

எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தது. காரணம் ஒரு படம். அக்காவுக்கு முதல்முறை புற்றுநோய் வருத்தம் வந்து மருந்து ஏற்றியபோது தலைமயிர் முழுக்கக் கொட்டிப்போனது. அத்தான், நான், என் மகள், கனடாவில் இருக்கிற தம்பி தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியாது. முக்கியமாக மன்னாரில் இருக்கிற அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அக்கா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த நேரத்தில்தான் என் மகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். லா கூர்னெவில் ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். கேக் வெட்டும்போது எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார், துணி பின்னுக்குச் சரிந்தது. நான் படமெடுத்தேன்.

எடுத்ததோடு விட்டேனா? நோயோடு போராடும் என் அக்காவுக்காகச் செபியுங்கள் என்று எழுதி முகநூலில் போட்டேன். சத்தியமாக அன்பில்தான் போட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்ததும் சத்தியம்தான். கும்பிடுகிற கைகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கைகள் வணக்கமா, நன்றியா, செபமா, அனுதாபமா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மன்னாரில் பக்கத்து வீட்டுப் பெட்டை தன் போனைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டிவிட்டாள். அம்மா ஒரு கிழமை பாயை விட்டு எழும்பவில்லை. அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"நான் உனக்கு அக்காவோ, இல்லாட்டி ஊருக்குக் காட்டுற படமோ?" என்று கேட்டார்.

"நல்லதுக்குத்தானே போட்டனான், நாலு பேர் செபிச்சால் என்ன குறைஞ்சு போகும்?" என்றேன்.

அவ்வளவுதான். படத்தை அழித்தேன், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா என் நம்பரை மறித்துவிட்டார், முகநூலிலும் மறித்துவிட்டார். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டார். முதல் மாதம் எனக்கும் கோபம். ஆறாம் மாதம் வெட்கம். பிறகு எந்த வழியால் போய் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நாள் போனது. இந்த வருடம் அக்காவின் வயிற்றில் மறுபடி ஒரு கட்டி இருப்பதாக அத்தான் சொன்னபோது, நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே போய்விடுவாரோ என்ற பயம் ஒன்று என் நெஞ்சில் வந்து குந்திக்கொண்டது. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அக்காவின் வாயிலிருந்து ஒரு சொல்.

லா சப்பலில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் நான் பிளவுஸ் தைக்கிறேன். முன்பெல்லாம் பெண்கள் அளவுச் சட்டை கொண்டுவருவார்கள். இப்போது போனைக் கொண்டுவருகிறார்கள். யாரோ ஒருத்தியின் முதுகைத் திரையில் பெருப்பித்துக் காட்டி, இந்தக் கழுத்துத்தான் வேணும் என்பார்கள். அந்த முதுகு வேறு, உங்கள் முதுகு வேறு என்று சொன்னால் முகம் கறுக்கும். தைத்துக் கொடுத்தால் அதே மாதிரித் திரும்பி நின்று படமெடுத்துப் போடுவார்கள். வடிவு வடிவு என்று நூறு பேர் எழுதுவார்கள். அதைப் பார்த்து இன்னொருத்தி வருவாள். என் சோறே அந்தத் திரைக்குள்ளால்தான் வருகிறது, ஆகவே போனைத் திட்டுவதற்கும் எனக்கு முழு உரிமை இல்லை.

அந்தப் புதன்கிழமை, அக்காவுக்கு ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் நாள். குழுவில் மிஞ்சியிருந்தது அத்தானும் நானும் மகளும் தம்பியும். அக்காவுக்கு இப்ப எப்பிடி என்று காலையிலேயே கேட்டு எழுதியிருந்தேன். பதில் இல்லை. இரண்டு மணி போல மெசினுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. அத்தான் எழுதியிருந்தார்: "அக்கா மோர். இப்ப நித்திரை."

தமிழில் இப்படி எழுதிக் காட்டும்போது இதில் ஒரு வில்லங்கமும் தெரியாது. ஆனால் அத்தான் தமிழ் எழுத்தில் அடிக்கிறவர் இல்லை. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டித் தமிழ் எழுதுவார். அவருடைய போனோ பிரெஞ்சுப் போன். அதற்குத் தமிழ் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. மீன் வாங்கினேன் என்று அவர் அடித்தால், மீனை 'என்னுடையது' என்கிற பிரெஞ்சுச் சொல்லாக மாற்றி அனுப்பும். பால் என்று அடித்தால் 'இல்லை' என்று போகும். நாங்கள் சிரித்துவிட்டு விளங்கிக்கொள்வோம்.

பிரெஞ்சில் செத்துப்போனதற்கும் மோர் என்றுதான் சொல்வது. எழுதும்போது கடைசியில் ஒரு 'தே' எழுத்துப் போடுவார்கள், வாயில் அது வராது. என் மகள் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில், நேற்று வீட்டில் என்ன குடித்தாய் என்று ஆசிரியை கேட்க, இவள் மோர் என்று சொல்ல, அந்த மனுசி என்னைக் கூப்பிட்டு வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தது எங்கள் வீட்டுப் பழைய பகிடி. ஆகவே அத்தான் குரலில் சொல்லியிருந்தால் ஒரு கணமாவது யோசித்திருப்பேன். எழுத்தில் வந்ததுதான் வினை. அவர் அடித்த மோருக்குப் பின்னால் போன் தன்பாட்டில் அந்தத் 'தே'யை ஒட்டி அனுப்பியிருந்தது. எழுத்தில் இருந்தால் அது உண்மை என்று நம்பி வளர்ந்தவள் நான்.

போதாததற்கு நித்திரை. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார் என்றுதான் எங்கள் மரண அறிவித்தல்களில் போடுவார்கள். அத்தான் கோயிலில் பாடுகிறவர், அப்படி எழுதக்கூடியவர்தான். மோர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறா என்பதை இவ்வளவு சுருக்கமாகவும் பக்தியாகவும் அந்த மனுசன் எழுதியிருக்கத் தேவையில்லை.

அத்தானுக்கு எடுத்தேன். மணி அடிக்காமலே பதிவுக்குப் போனது. மூன்று தரம் எடுத்தேன். அக்காவுக்கு நான் எடுக்க வழியில்லை, மறித்து வைத்திருக்கிறார். மகளுக்கு எடுத்து வாசித்துக் காட்டினேன். அவள் பிரெஞ்சில்தான் எப்போதும் பதில் சொல்வாள்.

"தே இருக்கா அம்மா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இருக்கு."

அவள் விசும்பத் தொடங்கினாள். பிறகு பெரியம்மாவின் நம்பருக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, அது நிறுத்தியிருக்கிறது என்று சொன்னாள். நித்திரை குழம்பக் கூடாதென்று அத்தான் அதை நிறுத்திவிட்டுப் போனது பிறகுதான் தெரியும். அத்தான் அந்த நேரம் ரயிலில் நிலத்துக்குக் கீழே இருந்தார் என்பதும் பிறகுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அழுகிறவளுக்கு அதுவும் இல்லை. தைத்த துணிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அக்காவுக்கு எழுதத் தொடங்கினேன். இரண்டு வருடமாக எந்தப் பக்கத்தாலும் வெளியே வராத சொற்கள் ஒரு மூச்சில் வந்தன. நான் பிழை விட்டேன் அக்கா, உங்களைக் கேட்காமல் உங்கள் வருத்தத்தை ஊருக்குக் காட்டினேன், உயிரோடு இருக்கும்போது மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை என்றெல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு படம் வேண்டியிருந்தது. அக்கா சிரிக்கிற படம் என் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையே போட்டேன். கேட்காமல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற எழுத்துக்குக் கீழே அதே படத்தைக் கேட்காமல் போட்டேன் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவே இல்லை.

கும்பிடுகிற கைகள் வந்தன. அழுகிற முகங்கள் வந்தன. இருபது வருடமாகக் காணாத ஆட்கள் வந்தார்கள். ஒருவர், மிகவும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், தொடர்ந்து எழுதுங்கள் என்று போட்டிருந்தார். அதை வாசித்தபோது எனக்கு ஒரு சொட்டுச் சந்தோசம் வந்தது. அக்கா செத்து இருபது நிமிடம், எனக்குச் சந்தோசம். அழுதுகொண்டே எத்தனை பேர் என்று எண்ணினேன். இதை எழுதாமல் விடலாம், ஆனால் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அத்தான் வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்து போனைப் பார்த்திருக்கிறார். முப்பது பேர் எடுத்திருந்தார்கள். யாரோ என் எழுத்தை அவருக்கு அனுப்பி அனுதாபம் சொல்லியிருந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் உயிரோடு விட்டுவந்த மனுசி, தான் ரயிலில் இருக்கும்போது போய்விட்டா, ஆஸ்பத்திரிக்காரர் தன்னைப் பிடிக்க முடியாமல் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வந்த ரயிலிலேயே திரும்பி ஓடியிருக்கிறார். நான் அவரை நம்பினேன், அவர் என்னை நம்பினார். செத்தவர் மட்டும் நித்திரை.

மூன்றேகாலுக்கு அவருடைய குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"பிள்ளை, அக்கா செத்திட்டா எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"நீங்கள்தானே அத்தான் சொன்னியள்!"

"நான் எங்கை சொன்னனான்? மோர் குடிச்சிட்டுப் படுத்திருக்கிறா எண்டெல்லோ எழுதினனான்!"

நான் மெசினில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை. முன்னால் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா இருக்கிறா, அக்கா இருக்கிறா என்று அவர்களுக்குச் சொன்னேன். அவர்களுக்கு என்ன விளங்கியதோ, ஒரு அம்மா சந்தோசம் பிள்ளை என்றார்.

எழுதியதை உடனே அழித்தேன். ஆனால் மன்னாரில் அப்போது மாலைச் செப நேரம். என் எழுத்து அங்கே போய்ச் சேர்ந்து, யாரோ கோயிலில் சொல்லி, அக்காவுக்குத் துக்க மணி அடித்துவிட்டார்கள். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் விஷயத்தில் மணியோசை மட்டும் வந்தது, யானை வரவில்லை. முகநூலில் போட்டதை விரலால் அழிக்கலாம். அடித்த மணியை என்ன செய்வது? அம்மாவைச் சுற்றி ஊர்ச் சனம் கூடியிருந்தது. அக்கா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெட்டையின் போனுக்கு வீடியோவில் வந்து, அம்மா நான்தான், நல்லாய்ப் பாருங்கோ என்று காட்டவேண்டி வந்தது. அம்மா உடனே நம்பவில்லை. நேற்று எடுத்த வீடியோவாக இருக்கும் என்றாராம். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பெரியம்மா உங்களை ஆஸ்பத்திரிக்கு வரட்டாம் என்று மறுநாள் மகள் சொன்னாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்க்கப் போகிறேன், என்ன நிறத்தில் சட்டை போடுவது என்றுகூடத் தெரியவில்லை. கறுப்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.

அக்கா மெலிந்திருந்தார். தலைமயிர் வளர்ந்திருந்தது, நரைத்திருந்தது. அத்தான் என்னைக் கண்டதும் கோப்பி வாங்கப் போகிறேன் என்று நழுவினார்.

"என்ன எழுதினனி?" இதுதான் அக்காவின் முதல் கேள்வி.

"எங்கை?"

"நான் செத்ததுக்கு. கனடாவிலை தம்பி வாசிச்சு அழுதவனாம். உன்ரை முதலாளியம்மா அத்தானுக்கு எடுத்து, இப்பிடி ஒரு தங்கச்சி கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கோணும் எண்டவவாம். ஊர் முழுக்க வாசிச்சிருக்கு. எனக்குத்தான் தெரியாது. உன்னை மறிச்சு வைச்சிருக்கிறன் எல்லோ."

அழித்துவிட்டேன் என்றேன். பிரதி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் இல்லை, போனுக்குள் நேரே எழுதியது.

"அப்ப வாயாலை சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். செத்த அக்காவுக்கு ஒரு மூச்சில் எழுதியதை, முன்னால் இருந்து கண்ணைப் பார்க்கிற அக்காவுக்கு எப்படிச் சொல்வது? தெரியாத ஆட்கள் எத்தனையோ பேர் வாசித்துவிட்டார்கள், யாருக்கு எழுதினேனோ அந்த ஆளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எழுதினனான்" என்றேன் கடைசியில்.

"எதுக்கு?"

"படத்துக்கு."

"எந்தப் படத்துக்கு? முந்திப் போட்டதுக்கோ, நேற்றுப் போட்டதுக்கோ?"

"இரண்டுக்கும்."

அக்கா யன்னல் பக்கம் பார்த்தார். கோபமா, சிரிப்பை அடக்குகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தில் என்றால் பக்கத்தில் ஒரு மஞ்சள் முகத்தைப் போடுவார்கள், எந்த மனநிலை என்று தெரிந்துவிடும். அக்காவின் முகம் அப்படி ஒன்றும் காட்டவில்லை. பிறகு தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன். நாளைக்கும் வா என்றார். போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். வீட்டுக்கு வந்த பிறகு திரான்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். என் நம்பரைத் திறந்துவிட்டார், முகநூலை இன்னும் திறக்கவில்லை. அனுதாபம் தெரிவித்தவர்களில் ஒருவர், நான் எழுதியதை அழித்த செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லைப் போல, ஒரு மாதம் கழித்து முப்பத்தோராம் நாள் பூசை எங்கே என்று கேட்டு எழுதினார். அக்காவுக்குக் காட்டினேன். நானும் வாறன் எண்டு எழுது என்றார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். முதல்முறையாக, போடுவதற்கு முன்னால் கேட்டேன்.

"எழுது. பேர் போடாதை, ஒருதற்றை பேரும் போடாதை. படம் போடாதை. எழுதி முடிச்சு எனக்குக் காட்டு."

கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனையோடு சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு சொட்டுச் சந்தோசம் வந்தது என்று நான் எழுதிய இடத்தில் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் கீறவில்லை. மண்டபம் லா கூர்னெவில் இல்லை, ஒபர்வில்லியேயில் என்றார். இல்லை அக்கா, லா கூர்னெவ்தான் என்றேன். சரி, நீ சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்.

கடைசி வரிக்கு வந்தார். 'அக்கா என்னை மன்னித்துவிட்டார்' என்று முடித்திருந்தேன். அதன்மேல் பேனையால் ஒரு கோடு இழுத்தார். போதாதென்று இன்னொரு கோடும் இழுத்தார்.

"இதை நான் எப்ப சொன்னனான்?"

"சொல்லேல்லை. ஆனா வரச் சொல்லுறியள், கதைக்கிறியள், வாசிச்சும் தாறியள். நான் அப்பிடித்தான் நினைச்சன்."

"நினைச்சால் நினைச்சுக்கொண்டிரு. எழுதாதை. நான் உயிரோடை இருக்கிறன். சொல்லுறதெண்டால் நானே சொல்லுவன்."

அந்த வரியை எடுத்துவிட்டேன். அக்கா இன்னும் சொல்லவில்லை.